ஒரே பொடியில் இரண்டு பூச்சி: பனச்சமூடு பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு, அருமனை–பனச்சமூடு சாலையிலிருந்து உள்ளே இறங்கும் மண்பாதையின் கடைசியில் இருக்கிறது. பின்பக்கம் மேடேறிப் போகும் ரப்பர் விளை, முன்பக்கம் நாலைந்து தென்னை, வாசலோரம் ஒரு வயசான முருங்கை. சந்தையைத் தாண்டினால் கேரளம். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலா மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழையும் வஞ்சனை இல்லாமல் பெய்யும் இடம். விளவங்கோடு வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம் என்பதால்தான் மரவட்டையும் அரிப்பும் சேர்ந்து படுத்திய இந்த ஒரு வீட்டைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் நான்கு பேர். ரப்பர் பால்வெட்டும் சின்ன வியாபாரமுமாக இருக்கும் வீட்டுக்காரர், அவர் மனைவி, ஒன்றாம் வகுப்புப் பையன், வீட்டுக்காரரின் அம்மா. துலா மழை பிடித்த சமயத்தில் பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "சார், ரயில்பூச்சி தொல்லை தாங்கல. ராத்திரி அடுக்களையில கால் வைக்க முடியல்ல. அது ஏறி ஏறி பையனுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு." ரயில்பூச்சி என்று அவர் சொன்னது மரவட்டையை. மரவட்டை வருவதும் அரிப்பு வருவதும் ஒரே சங்கதி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் பல வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். முதலில் கல்லுப்பு. அப்புறம் பிளீச்சிங் பவுடர். அப்புறம் கடையில் லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்த ஒரு வெள்ளைப் பொடி. அதை வீட்டைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி தூவி, முருங்கையின் மூட்டிலும், அதாவது அடிமரத்தைச் சுற்றியும், கொட்டியிருந்தார். எந்த மருந்து, எவ்வளவு போட வேண்டும், பிள்ளைகள் எத்தனை நேரம் தள்ளி இருக்க வேண்டும் என்று எதுவுமே தெரியாத பொடியைக் கோழி மேயும் முற்றத்தில் தூவுவதைவிட மரவட்டையோடு குடித்தனம் நடத்துவது மேல். இதை அவரிடமும் சொன்னேன். பொடி போட்ட மறுநாள் காலையில் செத்த மரவட்டை வாரியலால் கூட்டி அள்ளும் அளவுக்குக் கிடைத்ததாம், அன்று ராத்திரியே அதே அளவு மறுபடி வந்ததாம். மழை வேறு பொடியைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது.

அரிப்புக்கு வேறு ஒரு கதை ஓடியது. காட்டிய ஆஸ்பத்திரியில் சிரங்கு என்று பெர்மெத்ரின் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அரிப்பு, ராத்திரியில் அதிகம் என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் சிரங்குதான் தோன்றும். களிம்பு பூசியும் அடங்கவில்லை.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் தன் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே, அயோடின் ஊற்றிய மாதிரி ஒரு கறை, ஓரங்களில் கருத்து, நடுவில் செம்பழுப்பாக. ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது மரவட்டையை மிதித்திருக்கிறார். இது மரவட்டையின் வேலைதான், சந்தேகமில்லை. மரவட்டை கடிக்காது; அதற்குக் கொடுக்கும் கிடையாது. நசுங்கும்போதும் பயப்படும்போதும் உடம்பின் இரு பக்கத்திலும் வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். உருண்டு நீண்ட வகைகளில் அது பெரும்பாலும் பென்சோகுயினோன் என்ற ரசாயனம் சேர்ந்த திரவம். தோலில் பட்டால் எரியும், பிறகு அந்தக் கறை வாரக்கணக்கில் நிற்கும். சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் உடனே கழுவினால் போதும். கண்ணில் பட்டால் மட்டும் கழுவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பையனின் உடம்பில் இருந்தது கறை அல்ல. கழுத்தைச் சுற்றி, அக்குளில், இடுப்பில் எலாஸ்டிக் பிடிக்கும் இடத்தில், தொடையின் உள்பக்கத்தில் பொடிப்பொடியாகச் சிவந்த தடிப்பு. வீட்டுக்காரரின் மனைவிக்கும் அதே இடங்கள். மரவட்டை ஊர்ந்து போனதாக இருந்தால் கை, கால், முகம் என்று வெளியே தெரியும் இடங்களில்தானே இருக்க வேண்டும்? துணி இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து ஏன் வருகிறது?

பாட்டிக்கு அரிப்பே இல்லை. பையன் படுப்பது பாட்டியோடுதான், ஒரே பாயில், ஒரே போர்வைக்குள். சிரங்காக இருந்தால் முதலில் பிடிக்க வேண்டியது அவரைத்தான். மரவட்டையாக இருந்தாலும் தரையில் படுக்கும் அவரைத்தான். இரண்டு சந்தேகமும் அந்தப் பாயிலேயே அடிபட்டுப் போயின. பாட்டியும் சொன்னார்: "மக்களே, ஓலைக்கூரை இருந்த காலத்துல இது மோட்டிலிருந்து பொத்துபொத்துன்னு பாயில விழும். தட்டி விட்டுட்டு உறங்குவோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்ததில்லல்லா." அவர் சொல்வது கூரை மரவட்டையை, கறுப்பும் சிவப்புமாக இருக்கும் ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். தென்னிந்திய ஓலை வீடுகளில் அது கூரையையே வீடாக வைத்துக்கொள்ளும். கான்கிரீட் வந்த பிறகு அதன் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரருக்கு முப்ளி வண்டின் மேலும் ஒரு கண் இருந்தது. ரப்பர் சருகில் வளரும் அந்தக் கறுப்பு வண்டு, கோடை மழை விழுந்ததும் விளக்கைத் தேடிக் கூட்டமாக வீட்டுக்குள் வரும், தொட்டால் நாறும், தோலையும் எரிக்கும். திருச்சூர் மாவட்டத்து முப்ளி என்ற ஊரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அது படையெடுப்பது சித்திரை, வைகாசியில். இது ஐப்பசி. அதை அப்படியே தள்ளிவிடலாம்.

மிச்சம் இருந்தது துணி. பாட்டியின் முண்டும் சட்டையும் அவரே துவைத்துப் பின் திண்ணையில் கட்டிய கயிற்றில் காயப்போடுவார். மற்ற மூவரின் துணியும் முன் முற்றத்தில், முருங்கைக்கும் தென்னைக்கும் இடையே கட்டிய கொடியில் காயும். மழைக்காலத்தில் வெயில் எட்டிப்பார்க்கும் ஒரே இடம் அதுதான்.

முருங்கையின் தண்டைச் சுற்றி வந்து பார்த்தால், வீட்டுக்கு முதுகைக் காட்டும் பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து முதல் கவை வரை மரம் மயிர் முளைத்த மாதிரி இருந்தது. கம்பளிப்பூச்சிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஈரப் பட்டையோடு ஒட்டி, தலைகளெல்லாம் ஒரே திசையில். பழுப்பு உடம்பு, அடர்ந்த நீள மயிர். பக்கத்தில் மூச்சு பட்டாலும் மொத்தக் கூட்டமும் ஒரு தரம் சிலிர்த்து அடங்கும். அவற்றுக்கு இடையில் உரித்துப்போட்ட சட்டைகள், அவற்றிலும் மயிர் அப்படியே. துணிக்கொடியின் முடிச்சு இந்தக் கூட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. கொடியில் கிடந்த பையனின் பனியனைக் கழற்றி செல்லோடேப்பை ஒட்டி உரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, டேப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடி மயிர்கள் தெரிந்தன. மருமகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொடியில் இருந்த அத்தனை துணியையும் உருவிக்கொண்டு போனார்.

இது யூப்டெரோட் மோலிஃபெரா, முருங்கையின் கம்பளிப்பூச்சி. மழைக்குப் பிறகு வெளிறிய மஞ்சள்பழுப்பு அந்துகள் வந்து இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக முட்டை வைக்கும். புழுக்கள் ராத்திரியில் மேலே ஏறி இலை தின்னும், பகலில் தண்டில் இறங்கிக் கூடிக் கிடக்கும். பட்டையையும் சுரண்டும். முற்றியதும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும். மயிர் தோலில் குத்தி முறிந்து உள்ளேயே நின்றுவிடுவதால் அரிப்பு. சொறியச் சொறிய இன்னும் ஆழமாகப் போகும். துணியில் ஏறிய மயிர் புழு செத்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தண்டின் மூட்டில் கொட்டிய பொடி, தண்டின் நடுவில் இருந்த கூட்டத்தைத் தொடவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முருங்கையை வெட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் அரிவாளை எடுக்கப் போனார். பாட்டி விடவில்லை. எனக்கும் விருப்பமில்லை, வெட்டிச் சாய்க்கும்போதுதான் மயிர் அதிகமாகப் பறக்கும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில், தண்டில் கூடியிருக்கும் கூட்டத்தைத் தீப்பந்தத்தால் பொசுக்குவது ஒரு வழி. தனித்தோப்பில் நல்ல வழிதான். ஜன்னலுக்கு நேரே, விறகு அட்டியை ஒட்டி நிற்கும் மரத்தில் அது சரிப்படாது: கருகிய மயிர் புகையோடு ஏறி எங்கே போய் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நனைத்துச் சுரண்டினோம். முகத்தில் துண்டு, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையில் ரப்பர் உறை. பகலில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கைத்தெளிப்பானால் சோப்புத் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்துக் கூட்டம் முழுவதும் சொட்டச் சொட்ட நனைத்தோம். நனைந்த மயிர் பறக்காது. பிறகு நீளக் கம்பில் கட்டிய பழைய வாரியலால் மேலிருந்து கீழாக, அடியில் பிடித்த சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளினோம். உரிந்த சட்டைகளையும் விடவில்லை. வாளியில் இருந்ததைத் தள்ளிப்போய்க் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. வாரியலும் அதே குழிக்குள்.

தப்பி மேலே ஏறியவற்றுக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம். இலைக்காக வளர்க்கும் வீட்டு மரத்தில் இதற்கு மேல் கடுமையான மருந்து தேவையே இல்லை. குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே கவனித்திருந்தால் பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைத் தெளித்தும் அடக்கியிருக்கலாம். மருந்து அடித்த மரத்தில் கொஞ்ச நாள் இலை பறிக்க வேண்டாம் என்று மட்டும் பாட்டியிடம் சொன்னேன். அவர் அடுத்த விளையில் பறித்துக்கொண்டார்.

துணிக்கொடி அன்றே பின்பக்கம் போய்விட்டது. இருந்த துணி, போர்வை எல்லாவற்றையும் உதறாமல், தூசு தட்டாமல், சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து நன்றாக அலசினார்கள். தடிப்பின் மேல் டேப்பை ஒட்டி உரித்து எடுப்பது, தேய்க்காமல் சோப்பில் கழுவுவது, அரிப்புக்கு டாக்டர் எழுதித் தரும் ஒவ்வாமை மாத்திரை. இவ்வளவுதான். பெர்மெத்ரினை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். தடிப்பு அடங்கியது. கம்பளிமயிர் கண்ணில் விழுந்தால் மட்டும் டேப், தண்ணீர் என்று வீட்டிலேயே விளையாட வேண்டாம். அது கருவிழிக்குள் இறங்கக்கூடியது; நேரே கண் ஆஸ்பத்திரிதான்.

இனி மரவட்டை. அதற்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்காரருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம் பூரான் மேல் இருந்தது. இரண்டும் ஒரே சாதி என்று நினைத்திருந்தார். பூரான் தட்டையானது, வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், வேகமாக ஓடும், கடிக்கும். மரவட்டைக்கு பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால், மெதுவாக நகரும், தொட்டால் சுருண்டுகொள்ளும்.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நனைந்த சாக்கு போதும். சாயங்காலம் நாலு பக்கச் சுவரடியிலும் ஈரச் சாக்கை மடித்துப் போட்டுவிட்டு, காலையில் வெயிலுக்கு முன் புரட்டிப் பார்த்தோம். முன்பக்கச் சாக்கில் பேருக்கு ஒன்றிரண்டு. பாத்ரூம் பக்கத்தில் கொஞ்சம். அடுக்களைக்குப் பின்னால், மண்திட்டை ஒட்டிப் போட்ட சாக்கில் அள்ளும் அளவுக்கு. கதம்பை (தேங்காய் மட்டை) குவியலுக்குப் பக்கத்தில் இருந்ததிலும் அப்படியே. பொடி மட்டும் வீட்டைச் சுற்றி ஒரே அளவில் போயிருந்தது.

அந்தப் பின்பக்கத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது சரிவை வெட்டி மனை எடுத்திருக்கிறார்கள். வெட்டிய செம்மண் திட்டு, சுவரிலிருந்து ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளியில் நிற்கிறது. மேலே பக்கத்து விளை; அங்கே புது ரப்பருக்கு இடையில் மூடுபயிராக முக்குனா பிராக்டியேட்டா கொடி விட்டிருக்கிறார்கள். களையை அடக்கி, ஈரத்தைப் பிடித்து, மண்ணை வளமாக்கும் கொடி. அதே குணங்கள் மரவட்டைக்கும் சொர்க்கம். இவர்களுடைய பழைய ரப்பர் ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்த்ததில் சேர்ந்த சருகு, இடவப்பாதியில் ஊறி, துலா மழைக்குள் கறுத்த மெத்தையாகியிருந்தது. திட்டிலிருந்து வழிந்து வந்த சருகும் மண்ணும் அந்த இடைவெளியில் முழங்கால் அளவுக்கு அடைந்து கிடந்தன. அடுக்களைக் கதவின் அடியில் விரல் நுழையும் சந்து. பாத்ரூம் தண்ணீர் மூடியில்லாத குழாய் வழியாக வாழை மூட்டில் விழுகிறது. சுவரின் அடிப்பாகம் தொட்டாலே சில்லென்று ஈரம்.

மரவட்டை தின்பது அழுகும் சருகைத்தான். அதன் தோலுக்கு ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு கிடையாது, மூச்சுத் துளைகளை மூடிக்கொள்ளவும் முடியாது. ஆகவே காய்ந்தால் சாகும். அதனால்தான் ராத்திரி நடமாட்டம். மண்ணும் சருகும் தண்ணீரில் மூழ்கினாலும் இருக்க முடியாமல் வெளியே ஏறும். பெருமழை ராத்திரியில் திட்டிலிருந்து தண்ணீர் இறங்கும்போது அது மேடும் ஈரமும் தேடிப் புறப்படுகிறது, முதலில் எதிர்ப்படுவது நம் சுவர். வீட்டுக்குள் வருவது தீனிக்காக இல்லை. உள்ளே அதற்கு ஒன்றுமே இல்லை, காய்ந்த தரையில் ஓரிரு நாளில் தானே செத்துவிடும். வீட்டுக்குள் மருந்து அடிப்பது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்: சாகப் போவதைக் கொல்லக் காசு செலவழிக்கிறோம், விளையில் இருப்பது அப்படியே இருக்கிறது.

வேலையெல்லாம் மண்வெட்டி வேலைதான். இடைவெளியில் அடைந்திருந்ததை வாரி விளையின் மேற்புறம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். திட்டின் அடியில் சின்ன ஓடை வெட்டி, மேலிருந்து இறங்கும் தண்ணீரைச் சுவரைத் தொடாமல் பக்கத்துச் சரிவுக்குத் திருப்பினார்கள். சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பச்சை, சருகு எதுவும் இல்லாமல் வழித்து, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் பரப்பினார்கள். மழை நின்ற கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் அந்தப் பட்டையைக் கடக்க மரவட்டை தயங்கும். கதம்பைக் குவியலும் விறகும் சுவரைவிட்டுத் தள்ளி, கல்லின் மேல் ஏறின. கதவின் அடியில் ரப்பர் பட்டை, குழாய் வாயில் வலை, பாத்ரூம் தண்ணீருக்கு மூடிய குழி. உள்ளே வந்ததை நசுக்காமல் முறத்தில் தள்ளி விளையில் கொட்டச் சொன்னேன். நசுக்கினால் நாற்றம், தரையில் கறை. விளையில் விட்டால் சருகைத் தின்று மண்ணாக்கும். ரப்பருக்கு அது இலவச உரம். பையன் இந்த வேலையை ஏற்றுக்கொண்டான், சுருண்டதைக் குச்சியால் உருட்டிப் பார்ப்பதோடு சேர்த்து.

முன் வராந்தாவில் ராத்திரி முழுக்க எரிந்த வெள்ளை பல்பையும் மாற்றினோம். மரவட்டைக்காக இல்லை, மழைக்குப் பிறகு முருங்கை அந்துகளை வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அதுதான். இப்போது மங்கிய மஞ்சள் பல்பு, அதுவும் படுக்கும்வரை.

பலன் உடனே வரவில்லை. ஓடை வெட்டிய வாரத்தில், கலைத்துவிட்டதாலோ என்னவோ, வருகை கொஞ்சம் கூடவே இருந்தது. வீட்டுக்காரர் மறுபடி பொடிக் கடைக்குப் போகப் பார்த்தார், மனைவி தடுத்தார். சுவரடி காயக் காய எண்ணிக்கை இறங்கியது. அடுத்த இடவப்பாதியில் சாக்கு போட்டுப் பார்த்தபோது பின்பக்கச் சாக்கும் முன்பக்கத்தைப் போலவே பேருக்குத்தான் வைத்திருந்தது. பேய்மழை ராத்திரியில் இன்றும் நாலைந்து உள்ளே வரும். அதை முழுசாக நிறுத்த முடியாது, நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முருங்கைக்குக் காய் முடிந்ததும் கவாத்து செய்தார்கள், மூட்டைச் சுற்றி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டார்கள். கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கோழிக்கும் போயின. அதற்குப் பிறகு தண்டில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் வந்தது, பாட்டிதான் முதலில் பார்த்தார், உள்ளங்கை அளவாக இருக்கும்போதே நனைத்து வழித்துவிட்டார்கள்.

பாக்கி இருந்தது பக்கத்து விளைக்காரர். அவருடைய கொடியை அடியோடு பிடுங்கச் சொல்ல நமக்கு நியாயமில்லை, புது ரப்பருக்கு அது தேவை. திட்டின் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே இழுத்து வெட்டிவிட ஒத்துக்கொண்டார், வெட்டுக்கூலி இவர்களுடையது என்ற பேச்சில்.